அவள் என்னோடு இருந்தாள்

வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை டெல்மர் புரூயிட் தன் லாரியின் வெயில் மறைப்பில் செருகி வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினான். ரோட்டில் படுத்துவிட்ட வண்டிகளைக் கட்டி இழுத்து வருவது அவன் பிழைப்பு. பள்ளத்தில் கவிழ்ந்த நிலக்கரி லாரியைக்கூடத் தனி ஆளாக நிமிர்த்திவிடுவான். ஒரு கடிதத்தைப் பிரிக்கத்தான் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. சனிக்கிழமை அதை இமோஜீனிடம் எடுத்துப் போனான்.

இமோஜீன் ஊர்ப் பள்ளிக்கூட அலுவலகத்தில் தலை நரைத்தவள். பிப்ரவரி பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் நூலகத்துப் பின்னறையில் உட்கார்ந்து ஊராருக்கு இலவசமாக வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பாள். பிள்ளையை வளர்க்கிறவருக்கு வரியில் சலுகை உண்டு; யார் வீட்டுப் பிள்ளை இந்த வருஷம் யார் கணக்கில் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"டெஸ்ஸாவுக்காக உனக்கு வர்ற சலுகைய நிறுத்தி வச்சிருக்காங்க," என்றாள் படித்துவிட்டு. "போன வருஷம் வரைக்கும் அவ அவங்க அம்மா ரோவீனா கணக்குல இருந்தா. இப்ப திடீர்னு உன் கணக்குக்கு வந்துட்டா. அதுக்குச் சாட்சி கேக்கறாங்க."

"கோர்ட் காகிதம் இருக்கே அக்கா. கார்டியன் நான்தான்னு முத்திரை குத்திக் குடுத்திருக்காங்களே."

"அது நீ பொறுப்புன்னு சொல்லும். அவ உன் வீட்டுல படுத்து எந்திரிச்சான்னு சொல்லாது. பாதி வருஷத்துக்கு மேல உன்கூட இருந்தான்னு யாராவது எழுதித் தரணும். பள்ளிக்கூடம் எழுதித் தந்தா போதும். பள்ளிக்கூடம்னா யாரு, நான்தான். சலுகை வந்ததும் எனக்கு என்ன செய்வே?"

"உங்க காரை ஓசியில இழுத்துட்டு வரேன்."

"என் கார் நல்லாத்தானே ஓடுது."

"அது உங்களுக்குக் காது மந்தமானதால அக்கா."

அவள் சிரித்தாள். அவனும் சேர்ந்து சிரித்துவைத்தான். ஆனால் பள்ளிக்கூடக் கோப்பில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

ரோவீனா அவன் அக்கா. முந்தின ஏப்ரலில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. சின்ன வயதில் அவர்களுடைய அம்மா தையல் தொழிற்சாலையில் ராத்திரி வேலைக்குப் போய்விடுவாள். டெல்மருக்குச் சோளரொட்டி சுட்டுப் போட்டு, அவன் கோட்டடித்துக் கொண்டுவரும் மதிப்பெண் அட்டையில் அம்மாவைப் போலவே கையெழுத்துப் போட்டு அனுப்பியது ரோவீனாதான். கல்யாணம் செய்து அது முறிந்து அவன் தனியாக வந்து நின்றபோதும் அவள்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு, அவரைக்கொட்டை வெந்துடுச்சு," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவளைப் புதைத்த அடுத்த வாரம் டெஸ்ஸா ஒரு காகிதத்தை நீட்டினாள். பள்ளியில் பிள்ளைகளைக் குகை பார்க்கக் கூட்டிப் போகிறார்களாம். அடியில் கோடு போட்டு, தாய் அல்லது தந்தை கையெழுத்து என்று இருந்தது.

"மாமா, அம்மா பேரைப் போடு."

ஒன்பது வயதுப் பிள்ளை. இந்த ஒரு தடவைதானே என்று போட்டான். அடுத்த மாதம் பல் பரிசோதனைக்கு இன்னொரு காகிதம் வந்தது. அப்புறம் மதிப்பெண் அட்டை, தடுப்பூசி, புதுவகுப்பு. ஒவ்வொரு தடவையும் பேனா தானாக இடது பக்கம் சாய்ந்தது. ரோவீனா எழுத்தின் அந்தப் பெரிய வளைவு அவன் யோசிக்காமலே வந்தது. ஒருநாள் உதிரிபாகக் கடையில் ரசீதில் கையெழுத்துப் போடும்போது அவள் பெயரில் பாதியை எழுதிவிட்டு நின்றான். கடைக்காரன், "என்னப்பா, பேர் மறந்துபோச்சா?" என்றான்.

திங்கட்கிழமை இமோஜீன் டெஸ்ஸாவின் கோப்பை மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள். சனிக்கிழமை இருந்த குறும்பு முகத்தில் இல்லை.

"இதையெல்லாம் என் கையாலதான் வாங்கி உள்ள போட்டிருக்கேன் டெல்மர். ஒண்ணையும் பாக்கல. அவ சாவுக்கு வந்து பன்றிக்கறி சாப்பிட்டுட்டுப் போனவ நான். புதைச்ச அடுத்த வாரம் அவ பிள்ளையக் குகைக்கு அனுப்பச் சம்மதம் குடுத்திருக்கா. ஆகஸ்ட்டுல புதுவகுப்புல சேத்திருக்கா. இதைப் பாத்தா பிள்ளை வருஷம் பூரா அம்மாகூட இருந்திருக்கு. உன்கூட இருந்தான்னு நான் எதை வச்சு எழுதறது?"

"நான்தான் போட்டேன்."

"தெரியுது. எவனாவது பொய்க் கையெழுத்துன்னு எழுதிப்போட்டா நீதிபதி முன்னால போய் நிக்கணும். பிள்ளைய யார்கிட்ட விடறதுன்னு முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க. சலுகை கிடக்கட்டும், அதை யோசிச்சியா?"

அவன் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். எல்லாம் அவன் போட்டவை. நவம்பர் மாதத்துச் சீட்டு ஒன்றில் கை நின்றது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். செவ்வாய்க்கிழமை டெஸ்ஸா பள்ளிக்கு வர இயலவில்லை, வீட்டில் என்னோடு இருந்தாள் என்று எழுதி, கீழே ரோவீனா புரூயிட்.

"இது நான் இல்ல," என்றான்.

இமோஜீன் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய், திறந்திருந்த கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

பள்ளி விட்டதும் டெஸ்ஸா லாரியில் ஏறிப் பையைக் காலடியில் போட்டாள். ஊர் தாண்டி ஓடைப் பாலம் வந்ததும் அவன் கேட்டான்.

"நவம்பர்ல ஒரு நாள் பள்ளிக்கூடம் போகலியா நீ?"

"இமோஜீன் ஆன்ட்டி சொல்லிட்டாங்களா?"

"அந்தக் கையெழுத்து எப்படிப் பழகினே?"

"நீ போடறதைப் பாத்துதான். நீ மட்டும் போடலாமா?"

அவன் கியரை மாற்றினான். "எங்க போயிருந்தே?"

"வீட்டுக்கு." ரோவீனா குடியிருந்த வீட்டைத்தான் சொன்னாள். ஓடைக்கு மேலே அது இன்னும் காலியாகக் கிடந்தது. "சாவி என்கிட்ட இருக்கு."

"அம்மாவோட இருந்தேன்னு எழுதியிருக்கே, கண்ணு."

"இருந்தேன்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடுப்பு எரியல. ரொம்பக் குளிரு. அம்மா கோட்டைப் போட்டுக்கிட்டேன். ஆனா இருந்தேன் மாமா. பொய் எழுதல."

டெல்மர் லாரியை ஓரமாக நிறுத்தினான். கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் இரும்புக் கொக்கியும் சங்கிலியும்தான் கண்ணாடி வழியே தெரிந்தன.

"நாளைக்கு நான் போய் உண்மைய எழுதித் தரணும். அம்மா பேரை அடிச்சிட்டு, இறந்துட்டாங்கன்னு எழுதணும். என் பேரைப் போடணும். இல்லேன்னா உன்னை யார்கிட்ட விடறதுன்னு மறுபடியும் கேப்பாங்க."

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "என்னை உன்கிட்ட விடணும்னு அம்மா சொன்னாளா?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் அவன் ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது ரோவீனா கண் திறக்கிற நிலையில் இல்லை. அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கோர்ட்டில் கேட்டதற்கெல்லாம் அவன்தான் தலையாட்டினான். அவள் பெயரை எழுதும்போதெல்லாம், சரிடா தம்பி என்று அவள் சொன்னது போல ஒரு ஆறுதல் இருந்தது. அதற்காகத்தான் எழுதினானோ என்னவோ.

"சொல்லல," என்றான். "நானாத்தான் வந்தேன்."

"சரி," என்றாள் டெஸ்ஸா. "பசிக்குது."

மறுநாள் காலை அவள் வகுப்புக்குப் போனதும் அவன் அலுவலகத்தில் உட்கார்ந்தான். கோர்ட் உத்தரவின் நகலைக் கொடுத்தான். நடந்ததையெல்லாம் இமோஜீன் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினான்: ஏப்ரலிலிருந்து பிள்ளை என் வீட்டில் இருக்கிறாள், கையெழுத்துகள் நான் போட்டவை. புதிய அட்டையில் தாய் என்ற இடத்தில் இறந்துவிட்டார் என்று எழுதினான். அந்தச் சொல்லை எழுதப் பேனாவை இரண்டு தரம் உதற வேண்டியிருந்தது. கீழே தன் பெயர், நாலாம் வகுப்புப் பையன் எழுதியது போலக் கோணலாக வந்தது.

"இதுதான் உன் கையெழுத்தா?"

"இருக்கணும் அக்கா."

இமோஜீன் கடிதத்தைத் தட்டச்சு செய்து பள்ளி முத்திரை வைத்தாள். "இதுல ஒளிவுமறைவு ஒண்ணும் இல்ல. கோர்ட் குமாஸ்தாவுக்கும் ஒரு நகல் அனுப்பிடறேன். நாமளே முந்திக்கிட்டா நல்லது," என்றாள். பிறகு நவம்பர் சீட்டை விரலால் தள்ளினாள். "இதுக்கும் ஒரு வரி எழுது. அன்னிக்கும் பிள்ளை உன் பொறுப்புலதான் இருந்தா, தானே எழுதிக்கிட்டான்னு."

டெல்மர் பேனாவை எடுத்தான். சீட்டைப் பார்த்தான். எழுத்தில் பிள்ளைக் கை எங்கேயும் தெரியவில்லை.

"ஒரு நாள் குறைஞ்சா சலுகை போயிடுமா?"

"போகாது. பாதி வருஷத்துக்கு எவ்வளவோ மேல இருக்கே."

"அப்ப இதை விட்டுடுங்க அக்கா. அன்னிக்கு அவ என்கூட இல்ல."

இமோஜீன் சீட்டைக் கோப்புக்குள் வைத்துக் கோப்பை இழுப்பறையில் போட்டாள். இழுப்பறையைச் சத்தம் வராமல் மூடினாள்.