ஐந்து பைசா பிரியாணிக்குக் காவல்

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. ஆம்பூரில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை, செல்லாத ஐந்து பைசா கொண்டுவந்தால் ஒரு பொட்டலம் என்று அறிவித்திருந்தது. ஒரு மாதம் கறி தொடாத பாதி ஊர் வந்து ஷட்டரையே நெளித்துவிட்டது. அந்த நெரிசலில் நானும் இருந்தேன்.

கூட்டத்தை அடக்க, தோல் ஃபேக்டரி வாட்ச்மேன் ஒருவரைப் பிடித்து வந்திருந்தார்கள். ஒல்லியான ஆள், இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, கையில் பிளாஸ்டிக் பைப். “அண்ணே, வரிசையில வாங்க” என்று பணிவாகச் சொல்லி, அதே மூச்சில் முழங்காலில் ஒன்று போடுவார். எனக்கும் விழுந்தது, அதே மரியாதையோடு.

திடீரென்று ஒரு கல் பறந்து வந்து அவர் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் சட்டையில் வழிய வழிய, கடைசிப் பொட்டலம் தீரும்வரை நின்று அடித்தார்.

கூட்டம் கலைந்ததும் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். “எறிஞ்சது யாருன்னு பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். எம் மச்சான்தான். முன்னாடி வுடலன்னு கோவம்.”

“நீங்க சாப்டீங்களா?”

“அவன் வாங்கினு போய்ட்டான் இல்ல? சாய்ங்காலம் எங்க வூட்டுக்குத்தான் எடுத்துனு வருவான்.”

சிரித்தாரா, வலியில் முகம் சுளித்தாரா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வேலை முடிந்தும் அந்தப் பைப்பை அவர் கடையில் வைக்கவில்லை. சைக்கிள் கேரியரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.