பந்தலுக்குள் நான்கு தட்டு, வெயிலில் ஒன்று

என் பட்டறை அலுவலக மேசையில் இரண்டு கண்ணாடிப் புட்டிகள் இருக்கின்றன. இரண்டிலும் தெளிந்த தண்ணீர். அடியில் சுண்ணாம்பு படிந்தது போல வெள்ளையாகக் கொஞ்சம் வண்டல். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், எந்தக் கோயில் தீர்த்தம் என்றுதான் கேட்கிறார்கள். தீர்த்தம் இல்லை, என் பட்டறைச் சாயத்தண்ணீர் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இதில் ஒன்று ஒரே பகலில் வெளுத்தது. மற்றது பல வருடம் குங்குமம் கரைத்த மாதிரி சிவப்பாகவே இருந்துவிட்டுப் பிறகுதான் வெளுத்தது. இந்த இரண்டு புட்டியும் சேர்ந்துதான் ஒரு பெரிய படிப்பாளியின் பெயரைக் காப்பாற்றின. அதில் எனக்கும் பங்கு உண்டு. பெரிய பங்கு என்றே சொல்லுவேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த காட்டில் பிறந்து, திண்டுக்கல்லுக்கு வந்து நூல் மூட்டை சுமந்து, சாயத்தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுத் தொழில் கற்றுக்கொண்டு, சொந்தப் பட்டறை வைத்து, அதை மூன்றாக்கினேன். என் பட்டறைச் சிவப்புக்குத் தனி மரியாதை உண்டு. சேலை நைந்து கரித்துணியாகப் போகும், சிவப்பு போகாது. இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. என் வீட்டு மாடிக்கு வாடகைக்கு வந்த வேதியியல் பேராசிரியரிடமும் வந்த அன்றைக்கே சொன்னேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சாமான் இறக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போகவே போகாதாண்ணே?"

"எம் பேரையே அடமானம் வைக்கிறேன் சார். போகாது."

"அப்ப எனக்கு ஒரு குடம் வேணும். அதப் போக வைக்கத்தான் நான் சம்பளம் வாங்குறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் ஆள் விட்டு ஒரு குடம் கழிவுத் தண்ணீர் அனுப்பினேன். போகிறதா பார்ப்போம் என்ற வீம்புதான்.

மொட்டை மாடியில் அவர் செய்ததை நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தேன். விளிம்பு உயர்ந்த எனாமல் தட்டில் என் சிவப்புத் தண்ணீரை ஊற்றினார். ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைப் போட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கினார். வெயிலில் வைத்தார். கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு ஏறி வந்தால் ரோஜா நிறம். சாயங்காலம் பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீர். அதையும் செத்த நேரம் தெளிய விட்டபோது குடிதண்ணீர் போல நின்றது. எனக்குப் பொறாமையும் வந்தது, மரியாதையும் வந்தது. என்ன பொடி சார் என்றேன். டைட்டானியம் என்று ஓர் உலோகம், அது காற்றோடு சேர்ந்து ஆன பொடி, வீட்டுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டில் இருப்பதுதான் என்றார். அதையே மிக மிக நுணுக்கமாகத் தயாரிப்பதுதான் அவருடைய வித்தை. முழு மிளகை ரசத்தில் போட்டால் காரம் இறங்காது, பொடித்துப் போட்டால் தொண்டையில் இறங்கும், அதே கதைதான் என்று என் மனைவிக்கு விளங்கச் சொன்னார். நானோ என்ற வார்த்தையை டிவிக்காரர்கள் சொல்லிக் கேட்பதற்கு வெகு காலம் முன்பே எங்கள் வீட்டு அடுப்படியில் நாங்கள் கேட்டுவிட்டோம்.

அவருடைய மதிப்பு என்ன என்று எனக்குக் காட்டியது கல்லூரி இல்லை, தபால்காரர்தான். மாடிக்கு வாரம் தவறாமல் வெளிநாட்டு அஞ்சலட்டைகள் வரும். போலந்து, பிரேசில், ஜப்பான், ஈரான். உங்கள் கட்டுரையில் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று கேட்டு முன்பின் தெரியாத ஆட்கள் எழுதுவார்கள். அப்போதெல்லாம் அப்படிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தபால்தலைகளை என் மனைவி தண்ணீரில் ஊறவைத்து உரித்துச் சேர்த்தாள். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டுக்கு ஈரானிலிருந்து கடுதாசி வந்தது? சந்தைக்குப் போனால்கூட இதைச் சொல்லாமல் நான் கத்தரிக்காய் வாங்கியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவருக்கு ஒரு இடைஞ்சல் வந்தது. அவருடைய துறையில் தில்லியில் ஒரு பெரியவர் இருந்தார். பூர்வீகம் நம் தமிழ்நாடுதான், அங்கே போய் வேரூன்றியவர். அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். வெயிலால் சாயம் சிதைகிறது என்பதெல்லாம் சரியாக நிரூபிக்கப்படவில்லை, பொடி சாயத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்று பேராசிரியரைப் பற்றி அவர் எழுதிவிட்டார். பேராசிரியர் ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தார். கருவிகள், ஆராய்ச்சி மாணவர்கள், தனி ஆய்வுக்கூடம் எல்லாம் அதில்தான். அந்தத் திட்டத்தைப் பார்த்துச் சொல்ல வரப்போவதும் இதே பெரியவர். அவர் உதட்டைப் பிதுக்கினால் திட்டம் போனது. அதோடு இத்தனை வருட உழைப்பும் பஞ்சு வேலை என்று முத்திரை குத்தப்பட்டுவிடும். பேராசிரியர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் இறங்கி வந்து, "அண்ணே, ஆய்வகத்து விளக்கு வெளிச்சத்துல காட்டுனா அவரு நம்ப மாட்டாரு. உங்க பட்டறையிலயே, உங்க தண்ணியிலயே, நம்ம ஊரு வெயில்லயே காட்டப்போறேன்" என்றார்.

பெரியவரை அழைத்துவரப் பேராசிரியர் மதுரைக்குக் கிளம்பினார். போகும்போது பொடியைப் பொட்டலம் பொட்டலமாக என் கையில் கொடுத்தார். காலையில் ஐந்து தட்டில் சாயத்தண்ணீர் ஊற்றி, தட்டுக்கு ஒரு பொட்டலம் கலந்து, பட்டறை முன்னால் நூல் காயப்போடும் களத்தில் வைத்து, அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். அவர்கள் வந்து சேரும்போது வெளுத்திருக்கும். இவ்வளவுதான் எனக்குச் சொன்னது. நானும் ஒன்று விடாமல் செய்தேன். ஆனால் தில்லியிலிருந்து வரும் பெரிய மனிதரை மொட்டைக் களத்தில் நிறுத்துவதா? எங்கள் ஊரில் பந்தல் இல்லாத விசேஷம் விசேஷமா? முதல் நாளே பந்தல்காரரைக் கூப்பிட்டு, தென்னங்கீற்றை இரட்டை அடுக்காக வேய்ந்து, வாசலில் குலை தள்ளிய வாழை கட்டி, நடுவில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஐந்து தட்டையும் வரிசையாக வைத்தேன். பொடிதான் வேலை செய்கிறது, வெயில் சும்மா துணைக்கு என்று நான் நினைத்திருந்தேன். யோசித்துப் பாருங்கள், அந்தத் தில்லிப் பெரியவரும் அதையேதான் நினைத்திருந்தார். அத்தனை படித்தவருக்கும் எனக்கும் ஒரே கருத்து.

கார் வந்து நின்றது. பேராசிரியர் இறங்கிப் பந்தலைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கீற்றையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் குடையை ஊன்றிக்கொண்டு நேராக மேசைக்குப் போனார். தட்டுகளைக் குனிந்து பார்த்தார். நிறம் ஒரு நூல் குறைந்திருந்ததோ என்னவோ, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. என் சிவப்பு ஆயிற்றே.

"என்ன ஓய், வெளுத்துடும்னீர், வத்தக்குழம்பு மாதிரின்னா இருக்கு? தொட்டுண்டு சாப்பிடலாம் போலிருக்கே."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் தரையைப் பார்த்தார். காலையிலிருந்து சாலையைப் பார்த்துக்கொண்டேதான் தட்டுகளைக் கலக்கிவிட்டிருந்தேன். அப்போதுதான் மேசையில் நான்கு தட்டுதான் இருக்கிறது என்பதைக் கவனித்தேன்.

"ஏலே, ஒண்ண எவன்லே தூக்குனது?" என்று பட்டறை ஆட்களைப் பார்த்துக் கத்தினேன்.

காபியோடு வந்த என் மனைவி அசையாமல் சொன்னாள். "நாந்தான் காலையிலயே தூக்குனேன். காப்பி டம்ளர உங்க தலையிலயா வைக்கிறது? மேசை பூரா தட்டப் பரப்பி வச்சுக்கிட்டு. அந்தா, தொவைக்கிற கல்லு மேல வச்சிருக்கேன். போறப்ப வாரப்ப கலக்கியும் விட்டேன், போதுமா?"

துவைகல் பந்தலுக்கு வெளியே, நல்ல வெயிலில் கிடந்தது. எல்லோரும் போனோம். தட்டின் அடியில் எனாமலில் போட்டிருந்த நீலப்பூ ஒவ்வொரு இதழாகத் தெரிந்தது. பொடியின் வெள்ளை மட்டும் லேசாக மிதந்தது. சிவப்பு சொட்டுக்கூட இல்லை. பெரியவர் விரலால் தண்ணீரைத் தொட்டார். அடியில் படிந்த பொடியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். அதுவும் வெள்ளை. திரும்பிப் பந்தலை அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் ஒரே தண்ணியா?"

"ஒரே தொட்டித் தண்ணிங்கய்யா."

"பொடி?"

"ஒரே டப்பாப் பொடி" என்றார் பேராசிரியர். இப்போது நிமிர்ந்து நின்றார். "சார், பொடி உறிஞ்சியிருந்தா நிழல்லயும் உறிஞ்சியிருக்கணுமே. அந்தப் பொடியும் செவந்திருக்கணுமே."

பெரியவர் பந்தலுக்குள் போய், நான்கு தட்டில் ஒன்றைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து துவைகல்லில் வைத்தார். நாற்காலியை வெயிலில் போடச் சொன்னார். குடையைத் தனக்குப் பிடித்துக்கொண்டு, தட்டுக்கு நிழல் விழாமல் தள்ளி உட்கார்ந்தார். அவர் காவலுக்கு உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னார். பந்தலுக்குள் வாழை இலை போட்டு வெஞ்சனம் வகை வகையாகப் பரிமாறிக் காத்திருந்தோம், அவர் மடியில் சாப்பாட்டுத் தட்டை வைத்துத் தயிர்ச்சோறு சாப்பிட்டார். அவர் கண் முன்னால் சிவப்பு ரோஜாவாகி, ரோஜா வெளுத்தது. எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

"இந்தப் பந்தல் யார் போட்டது?" என்று கேட்டார்.

நடந்தது நடக்கட்டும் என்று, "நாந்தாங்கய்யா" என்றேன்.

"ஆய்வகத்துல இதுக்கு இருட்டுச் சோதனைன்னு பேரு. கறுப்புத் துணி போட்டு மூடிச் செய்வா. வாழை மரம் கட்டிச் செஞ்சு நான் பார்த்ததில்லே."

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பேராசிரியர் தோளில் கை வைத்தார். நிழல் தண்ணீரையும் வெயில் தண்ணீரையும் புட்டிகளில் எடுத்துக்கொண்டு போய்த் தில்லியில் சோதித்தார். சாயம் உறிஞ்சப்படவில்லை, உடைந்தே போயிருக்கிறது என்று தன் கையாலேயே எழுதினார். திட்டம் வந்தது.

அதன் பிறகு பேராசிரியர் வளர்ந்த வளர்ச்சியை நான் என் பட்டறை வளர்ச்சியோடுதான் ஒப்பிடுவேன், வேறு கணக்கு எனக்குத் தெரியாது. ஆய்வுக்கூடம் எழும்பியது. ரெட்டியார்சத்திரத்துப் பிள்ளைகளும் பாலசமுத்திரத்துப் பிள்ளைகளும் அவரிடம் டாக்டர் பட்டம் வாங்கி வெளிநாடு போனார்கள். பொடியைக் கண்ணாடியில் பூசி வடிகட்டும் வேலையைக் குறைத்தார். காந்தத்தால் இழுக்கும் பொடி செய்தார். கடும் வெயில் இல்லாமல் சாதாரண வெளிச்சத்திலேயே வேலை செய்யும் பொடி செய்தார். யார் இந்தத் துறையில் எழுதினாலும் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மாணவர்கள் சொல்வார்கள். பந்தல் நாளைப் பற்றிய கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இங்கிலீஷில் அச்சாகியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அது என் பெயர்தான்.

அந்தப் பொடியால் உன் பட்டறைக்கு என்ன வந்தது என்று சாயப்பட்டறைச் சங்கத்தில் சிலர் கேலி செய்வார்கள். உண்மைதான், தட்டில் நடப்பது தொட்டிக் கணக்கில் நடக்கவில்லை. எங்கள் கழிவு இன்றும் வேறு முறையில்தான் சுத்தமாகிறது. பேராசிரியரே அதை மறைத்ததில்லை. "நான் கதவத் தொறந்திருக்கேண்ணே, வீடு கட்ட வேற ஆளு வரணும்" என்பார். திறந்த கதவு என் களத்தில் இருந்தது. எனக்கு அது போதும்.

தில்லியில் சோதித்தது போக மிச்சமிருந்த இரண்டு புட்டிகளைப் பேராசிரியர் எனக்கே கொடுத்தார். வெளுத்ததை மேசையில் வைத்தேன். சிவப்பை, வெளிச்சம் படாமல் வைத்தால் அப்படியே இருக்கும் என்று அவர் சொன்னபடி, இரும்பு பீரோவில் என் மனைவியின் பட்டுச்சேலைகளுக்குப் பின்னால் வைத்தேன். சேலையில கொட்டுச்சுன்னா பாத்துக்கங்க என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் மிரட்டினாள்.

இரண்டாயிரத்துப் பத்தை நெருங்கும்போது அவர் ஓய்வு பெற்றார். கல்லூரித் திடலில் பாராட்டு விழா. பெரிய பந்தல். டாக்டர்களும் துணைவேந்தர்களுமாக இருந்த மேடையில் என்னையும் பேசச் சொன்னார்கள். போகும்போது பீரோவிலிருந்த சிவப்புப் புட்டியை எடுத்துக்கொண்டேன். மூடியைக் கழற்றி, குலுக்கி, பந்தலுக்கு வெளியே மதில்மேல் வெயிலில் வைத்துவிட்டு மேடை ஏறினேன். இவர் பேர நிறுத்துனது எம் பந்தல்தான் என்றேன். முதல் வரிசையிலிருந்து, தட்டத் தூக்குனது யாராம் என்று என் மனைவியின் குரல் வந்தது. திடலே சிரித்தது. திரும்பிப் பார்த்தால் பேராசிரியர் நாற்காலி காலி. மாலை மட்டும் அதில் கிடந்தது.

மதில் ஓரம் நின்றிருந்தார். உள்ளே யாரோ அவருடைய புகழை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இவர் புட்டியைக் கையில் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் ரோஜா நிறம் வந்திருந்தது.

"உள்ள உங்களத் தேடுறாக சார்."

"பொடி அடியில உக்காந்துட்டா வேலை நடக்காதுண்ணே. யாராச்சும் கலக்கிவிட்டுட்டே இருக்கணும்" என்றார். புட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. வாழ்த்துரை எல்லாம் முடியும்வரை நாங்கள் இருவரும் வெயிலில் மாறி மாறிச் சுழற்றினோம். என் சிவப்பு போயே போய்விட்டது.

இப்போது இரண்டு புட்டியும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தீர்த்தமா என்று கேட்கிறவர்களிடம் கதையைச் சொல்லிவிட்டு, இதில் எது நிழலில் இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம் என்று பந்தயம் கட்டுவேன். தூக்கிப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடிப்பார்கள், குலுக்குவார்கள். இதுவரை ஒருவரும் என்னை ஜெயித்ததில்லை. சரியாகவே சொன்னாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.