வெர்னா ஹாக்லண்ட் கைவிட்ட சாட்சி

எங்கள் சட்டக் கல்லூரியில் பேராசிரியர் வெர்னா ஹாக்லண்டிடம் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது. ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டியிருந்தால், அந்தத் தீர்ப்பை முழுவதும் எடுத்துப் படித்துவிடுவார். "மேற்கோள் நடுவுல மூணு புள்ளி வச்சு எதை விட்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நானும் அங்கே பாடம் நடத்துபவன், பக்கத்து அறை என்னுடையது. அதிகம் மாட்டியவனும் நான்தான்.

அந்த வருடம் வெளியூர்ப் பணக்காரர் ஒருவர் ஆற்றின் இரு கரைகளையும் வாங்கிக் குறுக்கே முள்கம்பி இழுத்தார். மீன் பிடிப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு உண்டு; தண்ணீரெல்லாம் மக்களுடையது என்று எங்கள் மாநிலத்துடையதில் ஒரு வரி இருக்கிறது. ஆற்றில் இறங்கி நடக்கவும் அது உரிமை தருகிறதா என்பதுதான் சண்டை. தருகிறது என்று வெர்னா முன்பே எழுதியிருந்தார். அந்த வரியை எழுதிய அரசியலமைப்புச் சபையின் உறுப்பினர்கள் சிலரைத் தேடிப் போய்ப் பேசி எழுதிய கட்டுரை. அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே அதுதான். அப்படிப் பொருள் கொண்டால் அது சொத்தைப் பிடுங்குவது, அமெரிக்க அரசியலமைப்புக்கே விரோதம் என்றது கரைக்காரர் தரப்பு.

மாநில உச்ச நீதிமன்றத்தில் விசாரணை நெருங்கியபோது, நாட்டின் கிழக்கே ஒரு பெரிய சட்டக் கல்லூரியைச் சேர்ந்த பிரென்ட் வாக்ஸ்மன் என்ற இளைஞரின் கட்டுரை வெளியானது. சபை உறுப்பினர்களில் ஆர்வில் ஸ்டென்ஸ்ருட் ஒருவர்தான் இன்னும் உயிரோடிருந்தார். பாசனத்தை மட்டும் நினைத்தே அந்த வரியை எழுதினோம் என்று அவர் சொன்னதாக அதில் இருந்தது.

"சரியா இந்த நேரத்துல வருது. யார் செலவுல அவன் இவ்வளவு தூரம் வந்தான்?" என்றார் வெர்னா. உண்மையான ஆர்வமாகவும் இருக்கலாமே என்றேன்.

"நீ எதுக்கு அவனுக்குப் பரிஞ்சு பேசற?"

அதன்பின் நான் தாழ்வாரத்தில் வந்தால் அவர் அறைக் கதவு மூடிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை, ஸ்டென்ஸ்ருட்டைப் பார்க்க, சர்க்கரை பீட்ரூட் விளையும் மாநிலத்தின் கிழக்குப் பக்கத்துக்கு வெர்னா தானே வண்டியோட்டிப் போனார். ஸ்டென்ஸ்ருட் காப்பி ஊற்றி, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை உள்ளே வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். ஆற்றில் நடப்பதைப் பற்றிக் கேட்டதும், அதற்காகத்தானே எழுதினோம் என்று உடனே சொன்னார். வெர்னாவுக்கு வேண்டிய பதில் அதேதான். ஆனால் கேட்ட மாத்திரத்தில் கிடைத்தது அவரை உறுத்தியது.

"வாக்ஸ்மன்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே, மிஸ்டர் ஸ்டென்ஸ்ருட்?"

"பாவம், அந்தப் பையன் அவ்வளவு தூரத்துல இருந்து வந்தான். பாசனம், பாசனம்னே கேட்டான். ஆமான்னேன்."

"அப்ப எங்கிட்ட?"

"நீயும் தூரத்துல இருந்துதானேம்மா வந்திருக்க."

உண்மையில் அன்று என்ன நினைத்தீர்கள் என்று வெர்னா கேட்டார். கிழவர் தன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றிக்கொண்டார். "அன்னிக்கு ஓட்டெடுப்பு நிறைய. எல்லாரும் கை தூக்கினாங்க, நானும் தூக்கினேன்."

திங்கட்கிழமை மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் என் அறைக்கு வந்து இதைச் சொன்னார். அவருடைய சந்தேகம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது. தன் பழைய கட்டுரையைப் பிரித்து, பின்னிணைப்பில் தானே அச்சிட்டிருந்த கேள்விகளைக் காட்டினார். 'மக்கள் ஆற்றில் இறங்கலாம் என்றுதானே நினைத்தீர்கள்?' என்றிருந்தது. அதற்கு ஆமாம் என்றவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள்.

"அவங்களும் என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொன்னாங்களோ?" என்றார்.

வழக்கில் எந்தத் தரப்பையும் சேராதவராக நீதிமன்றத்துக்கு ஒரு கருத்துரை அனுப்பினார். வாக்ஸ்மன் கட்டுரையையும் நம்பாதீர்கள், என் கட்டுரையையும் நம்பாதீர்கள், அரசியலமைப்பின் வாசகத்தையும் பழைய தீர்ப்புகளையும் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். மீன்காரர்களின் வழக்கறிஞர் ரோண்டா பிக்கெட் தொலைபேசியில் கொதித்தார்: "எங்க பக்கம் இருந்துக்கிட்டே காலை வாரிட்டீங்களே."

தீர்ப்பு மீன்காரர்களுக்குச் சாதகமாக வந்தது. மாநிலச் சட்டப்படி அந்த ஆறு ஒருநாளும் கரைக்காரருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை, எனவே அவரிடமிருந்து பிடுங்கப்பட்டது எதுவுமில்லை என்றார்கள் நீதிபதிகள். இரண்டு கட்டுரைகளையும் பொருட்படுத்தவில்லை என்று அடிக்குறிப்பில் எழுதினார்கள். கம்பியும் போயிற்று.

நான் வாழ்த்துச் சொல்லப் போனேன். வெர்னா தீர்ப்பின் நடுப்பக்கத்தில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பத்தியப் பாரு. என் பேரு இல்ல, ஆனா வாதம் என்னோடது. தண்ணியில நடந்தா அது கரையில நடக்கறதில்லன்னு அந்தப் பழைய கட்டுரையில நான்தான் சொன்னேன்."

வேறு யாருக்கும் தோன்றியிருக்கலாமே என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதை முதலில் எழுதியது யாரென்று தேட நூலகத்துக்குக் கிளம்பினார்.