அந்தப் புத்தரின் கழுத்து

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே ஒரு புத்தர் தலையை விலை கொடுத்து வாங்கியவன் நான். பத்துப் பதினோரு வருடங்களுக்கு முன்பு, ஷார்ஜாவில். அப்போது ஒரு கட்டட ஆலோசனை நிறுவனத்தில் மூத்த பொறியாளராக இருந்தேன். பழைய கம்பளங்கள் விற்கும் ஒரு கடையில், கல்லாவுக்கு அடியிலிருந்து துணி சுற்றிய பொருள் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துப் பிரித்தார். தேங்காய் அளவில், சுண்ணாம்புச் சாந்தில் செய்த தலை. பாதி மூடிய கண்கள். உதட்டோரம் பழைய சிவப்பு லேசாக ஒட்டியிருந்தது.

"ஆப்கானிஸ்தான் சரக்கு, சாப். ஜலாலாபாத் பக்கம். பில் மாஃபி" என்றார்.

பில் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நம் ஊர்க் கோயில்களில் திருடுபோன ஐம்பொன் சிலைகள் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நிற்பதைப் பற்றி, இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் மேசையைத் தட்டிப் பேசியவன் நான். நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்கப்போகிறான், என்னிடம் பத்திரமாகவாவது இருக்கும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

மனைவி பார்த்ததும் முகம் சுளித்தாள். "ஏங்க, பின்னமான சிலைய யாராவது வீட்ல வைப்பாங்களா? மேடையில அந்தப் பேச்சுப் பேசிட்டு, கழுத்தறுந்த சாமியக் கொண்டாந்து நிக்கிறீங்க."

அவள் பேச்சில் என்னைச் சுட்டிருக்க வேண்டியது கடைசி வரி. நான் பிடித்துக்கொண்டதோ முதல் வரியை. கழுத்து ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக உடைந்திருந்தது. அதை மட்டமாக்கிவிட்டால் பின்னம் தெரியாது, தலை மட்டும் செய்த சிற்பம்போல இருக்கும் என்று தோன்றியது. எங்கள் சைட்டுகளுக்கு மார்பிள் வெட்டித் தரும் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

"சின்ன வேலை, சாப். டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் அங்கிருந்தவர்.

டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். வெள்ளைத் தூளைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளிவிட்டு, தலையை மேசைமேல் நிறுத்திக் காட்டினார். ஆடாமல் நின்றது. மரப்பீடம் ஒன்று செய்து, அதன்மேல் ஹாலில் வைத்தேன். மனைவியும் சமாதானமாகி, வெள்ளிக்கிழமைகளில் அதன் முன்னால் ஒரு பூ வைக்கத் தொடங்கினாள்.

காபூலில் ஆட்சி மாறிய மறுவருடம், நான் ஓய்வு பெறவிருந்த சமயம். எங்கள் அலுவலகத்தில் ஆப்கானியப் பொறியாளர் ஒருவர் சேர்ந்தார். என் மகன் வயதுதான். தீபாவளியை ஒட்டிய வார விடுமுறையில் அவரையும் அவர் மனைவியையும் சாப்பிட அழைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்த அந்தப் பெண் ஹாலில் அப்படியே நின்றுவிட்டார்.

"எடுத்துப் பாக்கலாமா அங்கிள்?" என்று உருதுவில் கேட்டார்.

பெருமையோடு தலையாட்டினேன். அவர் சிலையின் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பீடத்திலிருந்து எடுத்து, நேராகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார்.

"இத யாரு வெட்டினது?"

கடைக்காரர் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் மனைவி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் வெட்டக் கொடுத்தேன் என்றேன்.

அவர் சோபாவில் உட்கார்ந்தார், தலை மடியிலேயே இருந்தது. காபூல் அருங்காட்சியகத்தில், உடைந்த சிலைகளைச் சேர்க்கும் பிரிவில் வேலை பார்த்தவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சண்டைக் காலத்தில் கொள்ளை போனது பாதி, பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள் சுத்தியலால் நொறுக்கியது பாதி. மிஞ்சிய துண்டுகளை மேசைகளில் பரப்பிவைத்து வருடக்கணக்கில் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

"முகத்த வச்சுச் சேக்க முடியாது அங்கிள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உடைஞ்ச இடம்தான் சொல்லும். இந்த மேடு அந்தப் பள்ளத்துல போய் உக்காரும்போது சின்னதா ஒரு சத்தம் வரும். அதுக்காக மாசக்கணக்கா உக்காந்திருப்போம். தலையில்லாத உடம்பு எங்ககிட்ட நிறைய இருக்கு."

கணவர் அவர் தோளைத் தொட்டு, "விடு, சாருக்குத் தெரியாம நடந்தது" என்றார்.

"இல்ல, தெரிஞ்சுதான் வாங்கினேன்" என்றேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "அந்தத் தூளையாவது எடுத்து வச்சீங்களா?" என்று கேட்டார். என் மனைவி பாயசக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றாள். அன்று யாரும் பாயசம் சாப்பிடவில்லை.

தலையை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிடத்தான் முதலில் நினைத்தேன். மகனும் அதையே சொன்னான். "அப்பா, ரிட்டயர் ஆகுற நேரத்துல கேஸு கீஸுன்னு அலையணுமா? அவங்க கையில குடுத்துடுங்க, கலாஸ், அதோட முடிஞ்சுது." ஆனால் ஊரைவிட்டு வந்து, விசாவை நம்பி இருக்கிற பெண் கையில் திருட்டுப் பொருளைக் கொடுப்பது, என் பழியை அவர் தலையில் கட்டுவதாகும். நானே தொல்பொருள் அதிகாரிகளிடம் எடுத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். பலமுறை அழைத்து விசாரித்தார்கள். கடையைக் காட்டப் போனால், அங்கே மொபைல் உறைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என்னை எச்சரித்து அனுப்பிவிட்டு, தலையைத் தங்கள் காப்பறையில் வைத்துக்கொண்டார்கள். காபூலுக்கு அனுப்பும் வழி இன்னும் திறக்கவில்லை.

தமிழ்ச் சங்கத்தில் ஒருநாள் நேரம் கேட்டு வாங்கி, நான் செய்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். கழுத்தின் படத்தையும் காட்டினேன். இம்மாதிரிப் பொருள்களை வாங்காதீர்கள், யார் வீட்டிலாவது இருந்தால் ஒப்படைத்துவிடுங்கள், உடைந்த இடத்தில் மட்டும் தயவுசெய்து கைவைக்காதீர்கள் என்றேன். கூட்டம் முடிந்ததும் ஒருவர் அருகில் வந்து, தணிந்த குரலில், "சார், அந்தக் கடைக்காரர் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

ஒப்படைப்பதற்கு முன்பே அந்தப் பெண் தலையை அளந்து, படமெடுத்து, காபூலில் இருந்த தன் பழைய சகாக்களுக்கு அனுப்பியிருந்தார். நான்கைந்து மாதங்கள் கழித்து எனக்குப் போன் செய்தார்.

"அளவும் சாந்தும் ஒத்துப்போற உடம்பு மூணு இருக்காம் அங்கிள். மூணுல ஒண்ணுதான்."

"எதுன்னு சொல்ல முடியாதா?" என்று கேட்டேன், பதில் தெரிந்தும்.

"இனிமே முடியாது."

வாங்கியதை என்றைக்காவது திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் அது எந்த உடம்பின்மேல் இருந்தது என்பதையும் சேர்த்து எடுத்துக்கொண்டவன், எதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பான் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.