மாஸ்டர் முன்னால் ஒற்றை விரல்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பழைய மெஷின்களை விற்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். மெஷின் வாங்குவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வாங்கி என்ன செய்வேன் என்றும் தெரியாது. ஆனால் அந்த மாஸ்டரைத் தெரியும். அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

ப்ளஸ் டூ முடித்ததும் அங்கேதான் சேர்ந்தேன். டைப்ரைட்டிங் பரீட்சையில் தமிழ் லோயர் பாஸ் செய்து ஏதாவது சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்டாக உட்கார வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். 'யளனக, யளனக' என்று முதல் பாடத்தையே தட்டிக்கொண்டிருந்த நாளில் ஃபீஸ் கட்ட அப்பா வந்தார். "இந்தப் பொண்ணுக்கு விரலே ஓடாது சார்" என்றார் மாஸ்டர், எல்லோர் காதிலும் விழும்படி. அப்பா அப்போதே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதமே திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் நட்டு போல்ட்டுப் பொட்டலம் கட்டப் போனேன். தலை நரைக்கிறவரை கட்டினேன். அதற்கு என் விரல் நன்றாகவே ஓடியது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமியை ஆளும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. அந்த மனுஷன் ஒரு நாளாவது என் முன்னால் நெளிய வேண்டும்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மேசை நாற்காலியெல்லாம் முன்பே விற்றுப்போய், ஒரே ஒரு நாற்காலிதான் பாக்கி இருந்தது. ஜன்னலோரத்துப் பச்சை மெஷினைக் கேட்டேன். நான் தட்டிய அதே மெஷின். அது கொஞ்சம் இழுக்கும், புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சரிப்படாது என்று வேறொன்றைக் காட்டினார். நான் பிடிவாதமாக நின்றேன்.

"அப்ப அடிச்சுப் பார்த்து வாங்குங்கம்மா" என்று தாளைச் செருகி, அந்த நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

டைப்ரைட்டிங் மாஸ்டருக்கு ஆகாதது இரண்டு: கீபோர்டைப் பார்த்து அடிப்பது, ஒற்றை விரலால் அடிப்பது. நான் கூன் போட்டு உட்கார்ந்து இரண்டையும் செய்தேன். ஓர் எழுத்தைத் தேடுவேன், குத்துவேன், அடுத்ததைத் தேடுவேன். அவர் செருமினார். கையைப் பின்னால் கட்டினார், அவிழ்த்தார். வாங்க வந்தவளைத் திட்டவா முடியும்? எனக்குப் பாயசம் குடித்ததுபோல் இருந்தது. வேண்டுமென்றே இன்னும் மெதுவாகத் தேடினேன்.

கடைசியில் அவரால் தாங்க முடியவில்லை. "யளனகல விரலை வைங்கம்மா. தானா ஓடும்."

"எனக்கு ஓடாதுன்னு நீங்கதான சார் எங்கப்பாகிட்ட சொன்னீங்க?"

என் முகத்தை உற்றுப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. பிறகு சிரித்தார். "அதை எல்லார்கிட்டயும் சொல்வேம்மா. ரோஷம் வந்து மறுநாள்லேந்து நல்லா அடிப்பாங்க."

எனக்கு மட்டும் சொன்னதாகத்தான் இத்தனை வருஷமும் கறுவிக்கொண்டிருந்தேன். இப்போது முன்னைவிட ஆத்திரம் வந்தது.

"எங்கப்பா நம்பிட்டார் சார்" என்றேன்.

சிரிப்பு நின்றது. உட்கார இடம் தேடி அவர் கண் அந்த அறையைச் சுற்றியது. இருந்த ஒரே நாற்காலியில் நான் இருந்தேன். எழுந்திருக்கவில்லை. தாளில் மிச்சமிருந்த இடம் முழுக்க, யளனக என்று ஒற்றை விரலாலேயே அடித்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.