கல்லின்மேல் வைத்த கதிரை

கடுகண்ணாவையில் என் தங்கையின் வீடு பிரதான வீதிக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. வீதிக்கு ஏற ஐம்பத்திரண்டு படி. ஒன்றின் உயரம் மற்றதற்கு இல்லை. குடலில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்து, மாதக்கணக்கில் மருந்தேற்றி, இனி நோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு என்னை அந்த வீட்டுக்கு இறக்கினார்கள். பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெல்தோட்டையில் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறியது பதினாலு வயதில். லொறியில் கிளீனராகப் போனேன், சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கினேன், பல்லேகலயில் ஒரு ஃபெக்டரிக்குக் காவல் இருந்தேன். எங்கும் இரண்டு வருடம் முழுதாக இருந்ததில்லை. இப்போது ஒரு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஈரமான மண் சுவர். தலைக்கு மேலே கணவாயில் ஏறும் லொறிகள் கியர் மாற்றும் சத்தம் கேட்கும். பாரம் ஏற்றியதா வெறுமையா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். சொல்ல ஆள் இல்லை. தங்கையின் கணவர் இறந்துவிட்டார், மகன் கட்டாரில். அவளும் நானும்தான்.

அவள் என்னை ஒன்றும் செய்யவிட மாட்டாள். தண்ணீர் குடிக்க எழும்பினால் கோப்பை வாய்க்கு வந்துவிடும். "நீங்க இருங்கண்ணே, நா எடுத்தாறேன்" என்பதைத் தவிர அந்த வருடம் அவள் வேறு என்ன பேசினாள் என்று எனக்கு ஞாபகமில்லை.

மாதம் ஒருமுறை கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மேலே ஸ்டாண்டில் நிற்கும் த்ரீவீல்காரர் இருவர் அதே பிளாஸ்டிக் கதிரையோடு இறங்கி வருவார்கள். அதில் ஒருவர் முஸ்லிம் ஆள், அண்ணன் என்பதற்கு நானா என்பார், வாய் சும்மா இருக்காது. "நானா, மாப்புள ரெடியா? ஊர்வலம் போவமா?" என்பார். நானும் சிரிப்பேன். ஐம்பத்திரண்டு படியும் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூட்டையைப் போல ஏறுவேன்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தருபவர் யாழ்ப்பாணத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். முதல் நாளே என் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உங்கடை பலத்தை மருந்து எடுத்ததை விடப் படுக்கைதான் கூட எடுத்திருக்கு, ஐயா" என்றார். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பி உட்காரவேண்டும். சுவரைப் பிடித்துக் குதிக்காலைத் தூக்கவேண்டும். ரப்பர் பட்டியைக் காலில் மாட்டி இழுக்கவேண்டும். மருந்தினால் என் பாதம் மரத்துப்போயிருந்தது. படியின் விளிம்பு எங்கே என்று காலுக்குத் தெரியாது. அதனால் எதையும் பார்த்துப் பார்த்து வைக்கவேண்டும் என்றார்.

"படி ஏறலாமா?" என்று கேட்டேன்.

"இந்தக் கதிரையிலை கை ஊன்றாமல் பத்துத்தரம் எழும்புங்கோ. பிறகு படியைப் பற்றிக் கதைப்பம்."

எனக்கு அது போதும். வீட்டில் அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்த மரக் கதிரையில் ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு தடவை கூட முடியவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் எழும்பினேன். ஒரு வாரத்தில் ஐந்து, மாதம் முடிய பன்னிரண்டு. தங்கை கதவடியில் நின்று எண்ணுவாள். மேலே ஏறியதும் முதலில் எந்தப் பக்கத்துப் பஸ்ஸைப் பிடிப்பது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக் கதிரையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன். எழும்பவில்லை. மறுபடியும் சாய்ந்தேன். தொடை நடுங்கியது, அவ்வளவுதான்.

"வீட்டிலை செய்யிறனீங்களோ?"

"பன்னெண்டு தடவ, மிஸ். தங்கச்சியக் கேளுங்க."

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்டுக் கதிரை என்ன உயரம்?" என்று கேட்டார்.

மழைக்காலத்தில் சரிவிலிருந்து தண்ணீர் கசிந்து அந்த வீட்டுத் தரைக்கு வரும். அதனால் அலுமாரி, கட்டில், மேசை எல்லாம் செங்கல் மேல்தான் நிற்கும். கதிரையும் செங்கல் மேல் நின்றதை நான் பார்த்திருந்தேன், தினமும் பார்த்திருந்தேன், அது வித்தியாசமாகப் படவே இல்லை. இரண்டாம் நாள் நான் குளிக்கப் போன நேரத்தில் தங்கை வைத்திருக்கிறாள். மேலே ஒரு மெத்தையும் போட்டு, விரிப்பால் மூடியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"மொத நாளு எந்திரிக்க முடியாம அழுதீங்க" என்றாள்.

"நா எங்க அழுதேன்?"

"கண்ணத் தொடச்சீங்க. அதுக்குப் பேரு என்னா?" கதிரை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "நெசமாவே எந்திரிச்சா போயிருவீங்க. அம்மா செத்தன்னைக்கு ஒங்களத் தேடி எத்தன எடத்துக்கு ஆள் அனுப்புனேன் தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

செங்கல்லை நானே குனிந்து எடுத்தேன். குனிந்து எடுப்பதே பெரிய வேலையாக இருந்தது. பன்னிரண்டு பூச்சியமானது. பிறகு ஒன்று, நீண்ட நாள் ஒன்றாகவே நின்றது. தங்கை எண்ண வரவில்லை. தண்ணீரும் கொண்டுவரவில்லை, அது கோபமா, அந்த யாழ்ப்பாணத்துப் பெண் சொன்னதாலா என்று நான் விசாரிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரிக் கதிரையில் பத்து வந்தது. "பக்கத்திலை ஆளை வச்சுக்கொண்டு, நாளுக்கு அஞ்சு படி" என்றார்.

ஐந்து படியோடு நிற்கும் ஆள் இல்லை நான். ஒரு நாள் காலை தங்கை உடுப்புத் துவைக்கும்போது படியோரத்து இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நாற்பத்தொன்றில் கால் நின்றுவிட்டது. உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான், படி அந்தக் கதிரையை விடத் தாழ்வு என்று தெரிந்தது. எழும்ப முடியவில்லை. மேலே பதினொன்று, கீழே நாற்பத்தொன்று.

தங்கை ஈரக் கையோடு ஏறி வந்தாள். எனக்குக் கீழே இரண்டு படியில் நின்றாள். கை கொடுக்கவில்லை.

"மேலயா, கீழயா?" என்று கேட்டாள்.

"மேல."

"அப்ப எந்திரிங்க."

நான்காவது முயற்சியில் குழாயைப் பிடித்து எழும்பினேன். அவள் பின்னால் வந்தாள். வீதியில் ஒரு பஸ் கண்டிப் பக்கம் போனது, ஒன்று கொழும்புப் பக்கம். த்ரீவீல்காரர்கள் இருவரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினேன்.

"இப்ப எங்க போகணும்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். தெரிந்த ஊர்களெல்லாம் ஞாபகம் வந்தன. எந்த ஊரிலும் போய் உட்கார ஒரு வீடு இல்லை.

"தேத்தண்ணி குடிப்பம்" என்றேன்.

கடையில் குடித்தோம். இறங்க, ஏறியதைவிடக் கூட நேரம் எடுத்தது. அவள் எனக்கு முன்னால், பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினாள், என் பாதத்தைப் பார்த்தபடி.