ரயிலுக்கு எதிராக வெர்னா பேசியது

ஹோனலூலுவில் ரயில் வேண்டுமா வேண்டாமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து நின்ற அந்த வருடத்துக்கு வெகு காலம் முன்பிருந்தே வெர்னா அராகாக்கி ரயில் கட்சி. கட்சி என்றால், அவள் குடியிருந்த வைப்பாஹு புறநகரில் அவள் ஒருத்திதான் கட்சி. மாதாமாதம் வட்டாரக் குழு கூடும்போது கடைசி வரிசை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பொதுமக்கள் பேசலாம் என்று சொன்னதும் எழுந்துபோய் மைக்கைப் பிடித்து, "அந்த ரயில் விஷயம் என்ன ஆச்சு?" என்று ஆரம்பிப்பாள். குழுவினர் தலையாட்டுவார்கள். "நன்றி வெர்னா" என்பார் தலைவர். அடுத்து ஒருவர் வந்து, பக்கத்து வீட்டுச் சேவல் விடியும் முன்பே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புகார் சொல்வார். உடனே அறைக்கு உயிர் வந்துவிடும். சேவலைப் பற்றி ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்.

ஊரின் மறுகோடியில், வைக்கிக்கி கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்புகளை எந்திரம் தேய்த்துத் தள்ளத் தள்ள, எதிரெதிரே நின்று இருவராக மடிக்க வேண்டும். வேலை அவளுக்குக் கஷ்டமில்லை. போய் வருவதுதான் கஷ்டம். இருட்டில் பஸ் ஏறி, ஃப்ரீவேயில் ஊர்ந்து, இருட்டில் திரும்புவாள். மகள் பேசப் பழகியதையும், பல் விழுந்து முளைத்ததையும், பள்ளி விழாவில் பாடியதையும் அடுத்தவர் சொல்லித்தான் கேட்டாள்.

அப்புறம் அம்மா. அம்மா பக்கவாதம் வந்து டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒருநாள் காலை, உடனே வாருங்கள் என்று அங்கிருந்து ஃபோன் வந்தது. வெர்னாவின் கணவன் கிளிஃபர்ட் வேலைக்குப் போயிருந்தான். அவன் தங்கை ரோக்ஸான்தான் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஃப்ரீவேயில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. வெர்னா கதவைத் திறந்து இறங்கி, கார்களுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். ரோக்ஸான் ஓடிவந்து அவளைப் பிடித்து இழுத்துக் காரில் உட்காரவைத்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

இதை வெர்னா வட்டாரக் குழுவில் ஒரே ஒரு முறை சொன்னாள். "ரோடு அடைச்சுக் கிடந்துச்சு. நாங்க போறதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. ரயில் இருந்தா நல்லாருக்கும்." அவ்வளவுதான். "நன்றி வெர்னா" என்றார்கள். அடுத்து சேவல்.

கடைசியில் ரயிலை மக்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவாகி, இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஓடலாமா கூடாதா என்ற கேள்வி நவம்பர் வாக்குச்சீட்டில் ஏறியது. வட்டாரக் குழுக் கூட்டத்துக்கு முதன்முறையாக டிவிக்காரர்கள் வந்தார்கள். வெர்னா அன்றைக்கு ரோக்ஸானையும் அழைத்துப் போயிருந்தாள். கூட்டம் அதிகம் தெரிந்தால் நல்லது என்ற எண்ணம்தான். பிற்பாடு அவள் இதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெர்னா வழக்கம்போல் பேசி முடித்து உட்கார்ந்தாள். ரோக்ஸான் எழுந்தாள். அவளுக்கு மைக் புதிதில்லை. யார் வீட்டு விசேஷமானாலும் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு, குட்டி கிட்டார் போன்ற யுகுலேலேயைக் கையில் கொடுத்துப் பாடச் சொல்வார்கள். வெர்னாவின் கல்யாணத்தன்றுகூட ரோக்ஸான் ஹூலா நடனம் ஆடினாள். விருந்தினர்கள் மணப்பெண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தார்கள். அந்தக் காட்சியின் புகைப்படம் இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறது.

"எங்க அண்ணியோட அம்மா சாகக் கிடந்தாங்க," என்று ஆரம்பித்தாள் ரோக்ஸான். "நான்தான் வண்டி ஓட்டுனேன். கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் சிவப்பு விளக்கு. பக்கத்துல இருந்த இவ கதவைத் திறந்து இறங்கி நடக்குறா. காலுல ரப்பர் செருப்பு. பத்து மைல் நடந்து அம்மாகிட்ட போயிடலாம்னு நினைச்சா. நான் இவளைத் தூக்கிட்டு வந்தேன். அந்த அம்மா அங்க தனியா..." அதற்கு மேல் பேச முடியாமல் நின்றாள். கேமரா அவள் பக்கம் திரும்பி அப்படியே நின்றது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சேவல் புகார்க்காரர்கூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

வெர்னாவும் அழுதாள். ஆனால் அழும்போதே, தான் சொன்னபோது ஏன் ஒருவரும் கண்ணாடியைக் கழற்றவில்லை என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

அதற்குப் பிறகு ரோக்ஸான் முகம் எங்கும் இருந்தது. தபாலில் வந்த அட்டையில் இருந்தது, டிவி விளம்பரத்தில் இருந்தது. மாலையில் ஃபாரிங்டன் சாலை ஓரத்தில் ரயில் கட்சிக்காரர்கள் பலகை பிடித்துக் கையாட்டும்போது அவள் முன்வரிசையில் நின்றாள். போகிற வண்டியெல்லாம் அவளைப் பார்த்து ஹாரன் அடித்தது. வெர்னா அதே வரிசையில்தான் நின்றாள், ஒரு போக்குவரத்துப் பலகைக்குப் பின்னால்.

சலவைக்கூடத்தில் எதிரே நின்று விரிப்பு மடிக்கும் இளம்பெண் ஜோவெலின் சொன்னாள்: "ஆன்ட்டி, உங்க நாத்தனாரை டிவில பாத்தேன். என்னமா பேசுறாங்க! எங்க வீட்டுல எல்லாரும் அழுதுட்டோம்."

"அது எங்க அம்மாவைப் பத்தினது."

"ஓ, அப்படியா ஆன்ட்டி? அவங்க அம்மான்னுல்ல நினைச்சேன்."

வெர்னா விரிப்பின் முனையை வெடுக்கென்று இழுத்தாள். ஜோவெலின் கையிலிருந்து அது நழுவிப் போயிற்று.

வீட்டில் கிளிஃபர்ட் அந்த விளம்பரம் வரும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டினான். "எப்படிப் பேசுறா பாரு என் தங்கச்சி."

"இத்தனை வருஷமா நான் பேசலையா?"

"நீ பேசுனேதான். இல்லேங்கல," என்றான் கிளிஃபர்ட், சாப்பாட்டுத் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "ஆனா அவ பேசுனா கேக்கணும்போல இருக்குல்ல."

அன்றிரவு வெர்னா அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். அவன் அதைக் கவனிக்கவில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் இரு தரப்பையும் மேடையேற்றி விவாதம் வைத்தார்கள். ரயில் வேண்டும் என்ற பக்கம் ரோக்ஸான். எதிர்ப் பக்கம் மெர்வின் லும் என்ற ஓய்வுபெற்ற கணக்காளர். செலவு, கடன், கடலை மறைக்கும் கான்கிரீட் தூண்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் பேசப் பேசக் கூட்டம் கொட்டாவி விட்டது. ரோக்ஸான் அதே கதையைச் சொன்னாள். இந்த முறை ரப்பர் செருப்பில் ஒன்று அறுந்துபோனதாகவும் சொன்னாள். செருப்பு அறுந்தது உண்மைதான். வெர்னாவே அதை மறந்திருந்தாள். தன் செருப்பு அறுந்ததைக்கூட ரோக்ஸான்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதை வெர்னாவால் தாங்க முடியவில்லை. எழுந்தாள். கேள்வி கேட்பவர்களுக்காகக் கீழே வைத்திருந்த மைக்கை நோக்கிப் போனாள்.

ரோக்ஸான் மேடையிலிருந்து சிரித்தாள். "இவங்கதான் வெர்னா. எங்க அண்ணி."

"ஒரு கேள்வி," என்றாள் வெர்னா. "அந்த ஆஸ்பத்திரி மேட்டு மேல இருக்கு. இந்த ரயில் அங்க போகுதா?"

ரோக்ஸானின் சிரிப்பு அப்படியே நின்றது. "இல்ல... ஆனா கீழ இறங்கி பஸ்..."

"அன்னிக்கு இந்த ரயில் இருந்திருந்தா, நாம அம்மாகிட்ட போய்ச் சேந்திருப்போமா?"

ரோக்ஸான் வாயைத் திறந்து மூடினாள். அவள் பதில் இல்லாமல் நிற்பதை வெர்னா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். நிறுத்த மனம் வரவில்லை.

"நான் வைக்கிக்கில வேலை பாக்குறேன். இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் அங்கதான் வேலை பாக்குறீங்க. ரயில் வைக்கிக்கிக்குப் போகுதா? அதுக்கு முன்னாடி அலமோவானாலயே நின்னுருது. அப்ப இது யாருக்கு?"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் பலர் தட்டினார்கள். "சொல்லு ஆன்ட்டி!" என்று ஒரு குரல் கத்தியது. அலமோவானாவில் இறங்கி ஒரு பஸ் பிடித்தால் போதும், இப்போதைவிடப் பாதி நேரம்தான் ஆகும் என்று வட்டாரக் குழுவில் எத்தனையோ முறை அவளே விளக்கியிருக்கிறாள். அப்போது கைதட்டாதவர்கள் இப்போது தட்டினார்கள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. வெகு நாள் பசிக்குப் பிறகு சோற்றைப் பார்த்ததுபோல் இருந்தது.

மெர்வின் லும் மறுநாளே ஃபோன் செய்தார். எதிர்ப்புக் குழுவின் ரேடியோ விளம்பரத்தில் வெர்னா பேசினாள்: "நான் இத்தனை வருஷம் ரயில் கேட்டவ. இந்த ரயில் வேணாம்னு சொல்றேன்." மீன் கடையில் ஒருவர் அவளை நிறுத்தி, "ரேடியோல பேசுறது நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, வாங்க வேண்டியதை வாங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள், இன்னும் யாராவது கேட்பார்களா என்று. சலவைக்கூடத்தில் ஜோவெலின், "ஆன்ட்டி, நீங்க சொன்னதுக்கப்புறம் எங்க வீட்டுல அஞ்சு ஓட்டும் வேணாம் பக்கம்தான்," என்றாள். வெர்னா அவசரமாக விரிப்பை மடித்தாள். "நீங்களே யோசிச்சுப் போடுங்க," என்று முனகினாள்.

கிளிஃபர்ட் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ரோக்ஸான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது நின்றுபோயிற்று.

தேர்தலன்று பள்ளி உடற்பயிற்சிக்கூடத்தில் நீண்ட வரிசை. இந்தத் தீவில் பிறந்தவர் ஒருவர் நாட்டின் அதிபர் பதவிக்கு நின்றதால் வராதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். வெர்னா வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். ரயில் கேள்வி கடைசியில் இருந்தது. அங்கே அவளைப் பார்க்க யாருமில்லை, ரோக்ஸானும் இல்லை. வேண்டும் என்ற இடத்தில் குறி போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ரயில் ஜெயித்தது. பெரிய வித்தியாசத்தில் இல்லை. டிவியில் ரயில் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நடுவில் ரோக்ஸான், கழுத்து தெரியாத அளவுக்கு மாலைகள். வெர்னா சமையலறையில் நின்றபடி பார்த்தாள். சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. வாழ்நாளெல்லாம் கேட்டது வரப்போகிறது. ஆனால் யாரிடம் கத்துவது? கிளிஃபர்ட் தங்கையோடு ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "வருத்தப்படாதீங்க வெர்னா," என்றாள். சந்தோஷப்படும் உரிமைகூட ரோக்ஸானுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் ரோக்ஸான் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள். கிளிஃபர்ட் வீட்டில் இல்லை.

"உள்ள வா," என்றாள் வெர்னா.

"முதல்ல எனக்குப் பதில் சொல்லு. எதுக்கு அப்படிக் கேட்ட? அத்தனை பேர் முன்னாடி?"

"அது எங்க அம்மா, ரோக்ஸான். உங்க அம்மா இல்ல. நீ எடுத்துக்கிட்டுப் போயிட்ட."

ரோக்ஸான் சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் கிளம்பறப்ப அண்ணன் ஃபோன் பண்ணுனான்," என்றாள். "ஃப்ரீவேல லாரி கவுந்துருச்சுன்னு ரேடியோல சொல்றாங்க, கீழ் ரோட்டுல போன்னான். எல்லாம் நான் பாத்துக்குறேன், எனக்கு வழி தெரியாதான்னு சொல்லிட்டு ஃப்ரீவேலயே ஏறிட்டேன். கீழ் ரோட்டுல போயிருந்தா நீ உங்க அம்மாவைப் பாத்திருப்ப. அன்னிக்கு நடந்ததைத்தான் மேடைக்கு மேடை சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுட்டு."

வெர்னா அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிளிஃபர்டுக்குத் தெரியுமா?"

"தெரியும். உன்கிட்ட சொல்லாதேன்னு நான்தான் கெஞ்சினேன்."

ரோக்ஸான் அழுதாள். எப்போதும்போல் அழகாக இல்லை, மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதாள். வெர்னாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் வேறு ஏதோ அதை முந்திக்கொண்டது. அம்மாவின் சாவில்கூட, தன்னைவிடப் பெரிய பங்கு இவளிடம் இருந்திருக்கிறது. இத்தனை வருடம் இவளும் கிளிஃபர்டும் சேர்ந்து அதை ரகசியமாகப் பொத்தி வைத்திருக்கிறார்கள். பெற்ற மகளுக்குக் கிடைத்தது வெறும் துக்கம் மட்டும். அதை நினைத்தும் பொறாமைப்படுகிறோம் என்று உணர்ந்தபோது வெர்னாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வந்தும் பொறாமை போகவில்லை.

பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்து ரோக்ஸானிடம் நீட்டினாள். "மூக்கைத் துடை. சைமின் வைக்கிறேன்."

நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கும்போது ரோக்ஸான் கேட்டாள்: "வெர்னா, உண்மையைச் சொல்லு. உள்ள போய் நீ எதுக்கு ஓட்டு போட்ட?"

"அது எதுக்கு உனக்கு?"

"சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்."

தூண்கள் எழும்பவே வருடங்கள் ஆயின. செலவு ஏறியது, திட்டத்தின் பெயர் நாறியது. முதல் ரயில் ஓடியபோது வெர்னா சலவைக்கூடத்தை விட்டு வெகு நாளாகியிருந்தது. அந்த ரயில் அலமோவானாவுக்கும் போகவில்லை, ஸ்டேடியத்தோடு நின்றது. ரோக்ஸான் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். கீழே ஃப்ரீவேயில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ரோக்ஸான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத குடும்பத்தோடு அதற்குள் சிநேகமாகி, அவர்கள் குழந்தையை மடியில் வாங்கி வைத்திருந்தாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது.

"இப்பவாவது சொல்லு வெர்னா. எதுக்குப் போட்ட?"

வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது ஒன்றாவது ரோக்ஸானுக்குத் தெரியாமல் தன்னிடம் மட்டும் இருக்கட்டும்.